தசமிக்கு எடுக்க இருந்த வண்டி

எங்கள் வண்டிக்கு வந்த கெடுதல் எல்லாவற்றுக்கும் செவ்வாய்க்கிழமைதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சின்னராஜ் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செவ்வாய்க்கிழமை பாவம், அது என்ன செய்தது? வாரத்துக்கு ஒரு முறை வருகிறது, வந்த வழியே போகிறது. ஓசூரில் இருக்கிற கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைந்துபோனதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "உனக்கு எல்லாத்துலயும் எகத்தாளம்" என்பார். எகத்தாளம்தான். அந்த எகத்தாளத்தோடேயே கடைசிவரை இருந்திருக்கலாம். பேச வேண்டிய ஒரே ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டேன், அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என் பெயர் தமிழ்செல்வி. அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது, தாலி கட்டிக்கொண்டது, குடியிருப்பது எல்லாம் ஓசூர் மூக்கண்டப்பள்ளி. வண்டிகளுக்குள் ஓடுகிற ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். அவருக்கு ஊர் ஊத்தங்கரைக்கு உள்ளே தள்ளி. மழை வந்தால் துவரை, வராவிட்டால் பஸ் ஏறு என்கிற ஊர். அவர் சின்ன வயதிலேயே பஸ் ஏறிவிட்டார். கல்யாணம் ஆனபோது அடுத்தவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் சாவியை முதலாளி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். மாட்டும்போது அந்த வீட்டில் யாராவது "சின்னராஜி, தண்ணி கேன் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டுப் போ" என்பார்கள். அதையும் செய்துவிட்டு வருவார். சாவியை நம் வீட்டு ஆணியில் மாட்ட வேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை. பெரிய பங்களா கேட்டாரா, கார் கேட்டாரா? ஒரு குட்டியானை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் அந்தச் சின்ன லோடு வண்டியைக் கூப்பிடுகிறார்கள்.

வாங்கினோம். அப்போது காலம் நன்றாக இருந்தது. சிப்காட்டில் சின்னச் சின்ன ஷெட்டுகளில்கூட ராத்திரி பகலாக லேத் ஓடியது. ஒரு ஷெட்டில் கடைந்த சாமானை இன்னொரு ஷெட்டுக்கு, அங்கிருந்து முலாம் பூசுகிற இடத்துக்கு, அங்கிருந்து பெரிய கம்பெனிக்கு என்று வண்டிக்கு ஓயாத வேலை. ஷோரூமில் ஒரு பையன் எங்களைப் பிடித்துக்கொண்டான். மாசக் கடைசி நாள். "அண்ணா, இன்னிக்கி டெலிவரி எடுத்தா இன்சூரன்ஸ் ஃப்ரீ. நாளைக்கி வந்தா என்ன ரேட்டுன்னு எனக்கே தெரியாது" என்றான். பைனான்ஸ்காரர்கள் கையெழுத்து வாங்கி முடிக்கும்போது மணி மூன்றரை. செவ்வாய்க்கிழமை மூன்றரை என்றால் நல்ல ராகு காலம். இவர் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கி காத்தால வந்து எடுத்துக்கலாமே" என்றார்.

நான்தான் சொன்னேன். "இன்னைக்கு எடுத்தாலும் நாளைக்கு எடுத்தாலும் மாசத் தவணை ஒண்ணுதாங்க. எந்த ராகுவும் வந்து பாதி கட்டப் போறதில்ல. எடுங்க வண்டிய" என்றேன். ஷோரூம் பையன் சிரித்தான். இவரும் சிரித்துக்கொண்டே எடுத்தார்.

ஒன்றரை வருடம் ராஜா மாதிரி இருந்தோம். தவணை போகக் கையில் நின்றது. அப்புறம் மெதுவாக இறங்கியது. முதலில் எங்கள் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. நின்றது. பிறகு மூன்றாவது ஷிப்டு நின்றது. வெளிநாட்டுக்குப் போகிற சாமான் போகவில்லை என்றார்கள், வட்டி என்றார்கள், வரி என்றார்கள். ஒன்றும் விளங்கவில்லை, விளங்கியது ஒன்றுதான், லைனில் எனக்குப் பக்கத்தில் நின்ற காண்ட்ராக்ட் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் காணாமல் போனார்கள். பெரிய கம்பெனிக்கு ஜலதோஷம் என்றால் சின்ன ஷெட்டுக்கு ஜன்னி. வாரத்தில் பாதி நாள் ஷட்டரை இறக்கிவிட்டுக் கேரம் ஆடினார்கள். இவர் சிப்காட் கேட்டில் வண்டியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. ஒரு லோடு வந்தால் எல்லோரும் மேலே விழுந்து, டீசல் காசுக்கு ஓட்டுகிறேன் என்பார்கள்.

அப்போதிலிருந்து ஆரம்பித்தது செவ்வாய்க்கிழமைப் பாட்டு. "எடுத்த நேரம் அப்படி." சண்டை போடுகிற மாதிரிகூடச் சொல்ல மாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொல்வார். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் அப்படிச் சொல்லும்போது ஷோரூமில் நான் பேசிய பேச்சு எனக்கே காதில் கேட்கும்.

தவணை ஒன்று தவறியது. அடுத்து இன்னொன்று. பைனான்ஸ் ஆபீஸிலிருந்து கமலக்கண்ணன் என்கிற பையன் போன் செய்வான். மரியாதையான பையன், மதுரைப் பக்கம். "அண்ணே, கொஞ்சம் பாருங்கண்ணே, மேல கேக்குறாங்கண்ணே" என்பான். இவரும் "பாக்கறன் தம்பி" என்பார். இரண்டு பேரும் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் சூளகிரி தாண்டி லோடோடு வந்துகொண்டிருந்தவரை ஒரு பைக் மறித்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. "எறங்குங்கண்ணா" என்று ஒருத்தன் சாவிக்குக் கை நீட்டினான். லோடை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, இன்னொரு வண்டி பிடித்து அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். நான் ஏதாவது கேட்பேன் என்று பயந்து, வந்ததும் குளிக்கப் போய்விட்டார்.

வண்டி குந்தாரப்பள்ளிப் பக்கம் ஹைவேயில் இருக்கிற யார்டுக்குப் போய்விட்டது. தவணை கட்டாத வண்டிகளை எல்லாம் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துகிற மைதானம் அது. செப்டம்பர் முப்பதுக்குள் பாக்கியைக் கட்டினால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விற்றுவிடுவோம் என்று நோட்டீஸ் வந்தது. இவர் மறுநாளே பழைய முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றார். தினக்கூலி, அதே ஆணி, அதே தண்ணி கேன். நாற்பது வயதில் ஒரு மனுஷன் அப்படித் திரும்பிப் போய் நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. எப்படியாவது இந்த வண்டியை மீட்டே தீருவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

என்னிடம் இருந்தது பி.எஃப். ஒன்றுதான். கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். என்ன காரணம் என்று கேட்டது. வண்டி மீட்க என்று போட இடமில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று போட்டேன். அதுவும் பொய் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. தினமும் போனைப் பார்த்தேன். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்துப் பார்த்து, இருபத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை சாயங்காலம் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது வந்தது. பைனான்ஸ் ஆபீஸ் மூடியிருந்தது. ஆனால் கையில் ஒரு முழு நாள் பாக்கி இருந்தது. பஸ்ஸிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுப் பெண் யார் செத்தது என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் தோசை ஊற்றிக்கொண்டே, "கெளம்புங்க, ஆபீஸ் தெறந்ததும் போய்க் கட்டிட்டு வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. நான் பணத்த அனுப்பிடுறேன்" என்றேன்.

இவர் காலண்டர் முன்னால் நின்றார். திரும்பவேயில்லை.

"இன்னைக்கி வேணாம் செல்வி."

"ஏன்?"

"செவ்வாக்கெழமை. அஷ்டமி வேற."

தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "ஏங்க, இன்னைக்குத்தாங்க கடைசி நாள்."

"நாளைக்கி நவமி, ஆயுத பூச, ஆபீஸ் லீவு. வியாழக்கெழமை தசமி. விஜயதசமியவுட நல்ல நாள் எது இருக்குது? யார்டு அன்னைக்கித் தொறந்துதான் இருக்குமாம். கமலக்கண்ணங்கிட்ட நேத்தே கேட்டுட்டன்."

"அவன் சரின்னு சொன்னானா?"

"பாக்கலாம்ணேன்னான்."

பாக்கலாம் என்று ஒருத்தன் சொன்னால் அது சரியும் இல்லை, இல்லையும் இல்லை. இதே வார்த்தையை இவரே அவனிடம் மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லித்தான் வண்டி போனது. அதைச் சொன்னேன். "இன்னைக்குப் பணத்த மட்டும் கட்டிடுவோம், வண்டிய தசமிக்கே போய் எடுங்க. மாலை போட்டு, மேளம் வச்சு எடுங்க, யாரு வேணாங்குறா" என்றும் சொன்னேன்.

"செவ்வாக்கெழமையில அவ்ளோ பணத்த வெளிய குடுத்தா, அப்பறம் குடுத்துக்கினேதான் இருக்கணும்" என்றார். பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தார். "மொத தடவ உன் பேச்சக் கேட்டு எடுத்தன். நான் ஒண்ணும் சொல்லல. இந்த ஒரு தடவ என் பேச்சக் கேளுமே. நல்லா எடுப்போம்."

அந்த 'நான் ஒண்ணும் சொல்லல' இருக்கிறதே, அங்கேதான் நான் விழுந்தேன். மூன்று வருடமாகச் சோற்றுத் தட்டின் முன் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எதிர்த்துப் பேச வரவில்லை. குழந்தை மாதிரி கேட்கிறார். ஒருவேளை இவர் சொல்வதிலும் ஏதாவது இருக்குமோ என்று எனக்கும் ஒரு ஓரத்தில் தோன்றியது. தோன்றியதா இல்லையா என்று யாராவது என்னைச் சத்தியம் செய்யச் சொன்னால், தோன்றியது என்றுதான் சொல்வேன்.

கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். லோன் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருப்பதால் எனக்கும் கமலக்கண்ணன் ஒரு லிங்க் அனுப்பியிருந்தான். அமுக்கினால் போதும், பணம் போய்விடும். கேன்டீனில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். தொகை எல்லாம் அதுவாகவே வந்து நின்றது. சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. இவருக்குத் தெரிய வேண்டியதில்லை, வியாழக்கிழமை போய்ச் சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கே வண்டி ஓடாமல் மறுபடியும் படுத்தால்? "ரெண்டு தடவயும் நீதான்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். காலம் முழுக்கக் கேட்க வேண்டும். போனை மூடி லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் ஆயுத பூஜைக்கு எங்கள் தெரு முழுக்க வண்டிகள் குளித்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றன. எங்கள் வீட்டில் ஜாக்கியையும் நாலு ஸ்பானரையும் மணைமேல் வைத்துச் சூடம் காட்டினோம். இவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். நாளைக்கு வண்டி வந்ததும் முதல் சவாரி எங்கே என்று திட்டம் போட்டார். உத்தனப்பள்ளியில் குடைமிளகாய் போடுகிற ஒருத்தர் வாரம் மூன்று லோடு பெங்களூருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கம்பெனிகளை நம்பி இனி பிரயோஜனம் இல்லை என்றார். எனக்கும் மனது லேசானது. சும்மா பயந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் பெரிய மாலை ஒன்று, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். நல்ல நேரம் பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை. இவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பஸ்ஸிலிருந்து கமலக்கண்ணனுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. "லீவு நாளு, தூங்குவான்" என்றார்.

யார்டு கேட் திறந்துதான் இருந்தது. புழுதி படிந்த வண்டிகளுக்கு நடுவில் எங்கள் வண்டி மட்டும் கழுவித் துடைத்து, முகப்பில் மாலையோடு நின்றது. எனக்கு முதலில் புரியவில்லை. யார்டுக்காரர்களே எல்லா வண்டிக்கும் பூஜை போடுகிறார்கள் போல என்று நினைத்தேன், அதுகூடச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தட்டில் சூடத்தோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் பட்டுக்கரை வேட்டியில் ஒருத்தர்.

யார்டு வாட்ச்மேன் பரமசிவம் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். வண்டியைப் பார்க்க வந்தபோதெல்லாம் பேசிப் பழகிய மனுஷன். "ஏம்பா சின்னராஜி, இன்னைக்கா வர்றது? வண்டி செவ்வாக்கெழம சாயங்காலமே வித்துப்போச்சே" என்றார்.

இவர் போனை எடுத்துக் கமலக்கண்ணனை மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை எடுத்தான். நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"அண்ணே, ஆபீஸ் மூடுற வரைக்கும் உங்களுக்காகத்தாண்ணே உக்காந்துருந்தேன். வரி கொறஞ்சு புது வண்டி வெல எறங்கிருச்சு. யார்டுல நிக்கிற வண்டிய வந்த வெலைக்குத் தள்ளுன்னு மேல உத்தரவு. ரெண்டு தடவ உங்களுக்குப் போன் அடிச்சேன், எடுக்கலையேண்ணே நீங்க."

நான் இவரைப் பார்த்தேன். இவர் மாலைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அஷ்டமி அன்னைக்கி அவங்கிட்ட பணப் பேச்சு வேணாம்னு எடுக்கல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவரை ஒன்றும் சொல்லவில்லை, நேராக அந்த வேட்டிக்காரரிடம் போனேன். "இது எங்க வண்டி. மாலையக் கழட்டுங்க" என்றேன். அவர் பயந்துவிட்டார். கர்நாடகா பக்கம் மாலூர்க்காரர், பெயர் முனிராஜு. தக்காளி போடுகிறவர். தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகக் கலந்து பேசினார். "அக்கா, துட்டு கட்டிட்டேன் அக்கா. மொத்தமா எங்க கிட்ட ஏது? பாதி லோன். இதே ஆபீஸ்லதான் போட்டுக் கொடுத்தாங்க" என்று பைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். அவருடைய பெண்டாட்டி வெங்கடம்மா தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "நம்மதா தப்பு இல்ல அக்கா" என்றாள். அவள் காலில் செருப்பில்லை. பூஜைக்காகக் கழற்றியிருப்பாள். அவளை என்ன சொல்ல முடியும்? அவளும் என்னை மாதிரி எதையோ வைத்து, எதையோ எடுத்துத்தான் வந்திருப்பாள்.

பரமசிவம் என்னைக் கேட் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தார். "போங்கம்மா வூட்டுக்கு. நின்னா மனசுதான் கெடும்" என்றார். இவர் நகரவில்லை. அவர்கள் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். முனிராஜு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கிர் கிர் என்று இரண்டு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினார். அந்தச் சத்தமும் நின்றது. இத்தனை நாள் சும்மா நின்றதில் பேட்டரி இறங்கியிருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வெங்கடம்மாவின் முகம் கறுத்துவிட்டது. புருஷனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள், குரல் உடைந்தது. மொழி தெரியாவிட்டாலும் எனக்கு விளங்கியது. தசமி அன்றைக்கு, சூடம் காட்டிய கையோடு வண்டி நகரவில்லை. அதைவிட அபசகுனம் வேறு என்ன இருக்கிறது? முனிராஜு மணியைப் பார்த்தார். லீவு நாளில் எந்த மெக்கானிக்கும் போனை எடுக்கவில்லை. பரமசிவம் தள்ளிப் பார்ப்போம் என்றார். இவரும் வந்து பின்னால் கை கொடுப்பார் என்று நினைத்தேன், கொடுக்கவில்லை. அவர்கள் தள்ளினார்கள், முனிராஜு கிளட்ச்சை விடும்போது வண்டி குலுங்கி நின்றது. டிராக்டர் ஓட்டிய கால் அது. இரண்டாவது முறையும் குலுங்கி நின்றது.

அப்போதுதான் இவர் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். "எறங்குங்க. நான் எடுத்துத் தர்றன்" என்றார். முனிராஜு மறுபேச்சில்லாமல் இறங்கினார். இவர் ஏறி உட்கார்ந்து, சீட்டை முன்னால் ஒரு இழுப்பு இழுத்து, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் தள்ளினார்கள். ஜல்லித் தரை, சக்கரம் புதைந்தது. இவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார்.

"செல்வி, நீயும் ஒரு கை புடி."

என்னை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது என்று நினைத்தேன். வராத சொல்லெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு, வெங்கடம்மாவின் பக்கத்தில் நின்று, என் வண்டியின் பின்கதவில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். முழுப் பலத்தோடு தள்ளினேன், அது ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. வண்டி உருண்டது, இவர் கிளட்ச்சை விட்டார், ஒரு உதறலில் பிடித்துக்கொண்டது. புகையோடு கேட்டைத் தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஏறியது. வெங்கடம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இஞ்சின் நிற்காமல் இருக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வண்டி மேம்பாலம் பக்கம் போனது. சின்னதாகிக்கொண்டே போனது, பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. முனிராஜு கேட்டுக்கு வெளியே ஓடினார். "வருவாரா? அவரு வருவாரு இல்ல?" என்று பரமசிவத்தைக் கேட்டார். பரமசிவம் என்னைப் பார்த்தார். மேம்பாலத்தில் ஏறினால் ஓசூர் ரோடு. ஒரு மணி நேரத்தில் எங்கள் தெரு. நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன், திரும்பி வராதீங்க, போலீஸ் வந்தாலும் வரட்டும், அப்படியே போய்விடுங்க. எந்தச் சாமியிடமும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. என் கையைப் பிடித்திருந்த வெங்கடம்மாவின் விரல்கள் ஜில்லிட்டுப் போயிருந்தன.

வந்தார். பாலத்துக்குக் கீழே திரும்பி, நிதானமாக ஓட்டிக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வெளியே வண்டியைக் கிழக்குப் பார்த்து நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஊரு போற வரைக்கும் அணைக்காதீங்க. நாளைக்கி பேட்டரிய மாத்திடுங்க. ரெண்டாவது கியரு கொஞ்சம் அடம் புடிக்கும், பொறுமையா போடணும். லோடு ஏத்தும்போது எடது பக்கம் கம்மியா ஏத்துங்க, அந்தப் பக்கம் ஸ்பிரிங் பட்டை வீக்கு" என்றார். முனிராஜு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து ரூபாய் எடுத்து நீட்டினார். இவர் வாங்கவில்லை. "மணி பதினொண்ணர தாண்டிச்சி. நல்ல நேரம் முடியறதுக்குள்ள கெளம்புங்க" என்றார்.

அவர்கள் கிளம்பிப் போனார்கள். நாங்கள் எங்கள் மாலையைப் பரமசிவத்திடமே விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். திட்ட வேண்டியதை எல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அதிலிருந்து ஒன்றுதான் வெளியே வந்தது. "ஏங்க திரும்பி வந்தீங்க?"

ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"வூட்டுக்குத்தான் போனன். பாலம் ஏறற எடத்துல திருப்பிட்டன். காசில்லாம வண்டி போயிருந்தாக்கூட ஒரு கோவத்துல ஓட்டிக்கினு போயிருப்பன் மே. காசு இருந்துதே நம்மகிட்ட" என்றார். துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். நடுரோட்டில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

எனக்கு லாக்கரில் பூட்டி வைத்த போன்தான் ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஓசூர் பஸ் வந்தது. லீவு நாள் கூட்டம், உட்கார இடமில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.